மலை புளியறையில் திருடு போகவில்லை

கேரள எல்லையில் இருக்கும் புளியறைச் சோதனைச்சாவடியை இழுத்துப் பூட்டிவிட்டால் தென்காசி மலைகள் பிழைத்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் எங்கள் மாவட்டத்தில் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒரே குரலில் பேசுகிறார்கள். "நம்ம மலைய ஒடச்சு கேரளாவுக்குக் கடத்துதானுவ" என்பது இங்கே யாரும் நிரூபிக்கத் தேவையில்லாத வாக்கியம். மறியல் என்றால் புளியறை, ஆர்ப்பாட்டம் என்றால் செங்கோட்டை, கோரிக்கை என்றால் 'கேரளாவுக்குக் கனிமவளம் கொண்டுபோவதைத் தடைசெய்'. லாரிக்கு முன்னால் நின்று படம் எடுத்து, அது மறுநாள் செய்தித்தாளில் வந்துவிட்டால் அந்த மாதத்துப் போராட்டம் முடிந்தது.

லாரிகள் போகவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. போகின்றன. எம்-சாண்டும் ஜல்லியும் குண்டுக்கல்லும் ஏற்றிய டாரஸ் லாரிகள் வரிசைகட்டிச் செங்கோட்டையைத் தாண்டுகின்றன. தார்ப்பாய் பாதி மூடியிருக்கும். பின்னால் பைக்கில் வருகிறவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஓட்ட வேண்டும். புளியறை எஸ் வளைவில் பாரவண்டி ஒன்று மூச்சிரைத்து நின்றால் அரைமணி நேரம் யாரும் அசைய முடியாது. அந்தப் பக்கத்துத் தேவையும் கற்பனை இல்லை. 2015 டிசம்பரில் விழிஞ்ஞம் துறைமுக வேலை தொடங்கியது, 2025 மே மாதம் திறப்பு விழா நடந்தது. இடைப்பட்ட காலத்தில் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் எழுப்பக் கல் தேடியவர்கள் தமிழ்நாட்டுத் தென்மாவட்டக் குவாரிகளின் கதவைத் தட்டினார்கள். கேரளத்தில் குவாரிக்கு எதிர்ப்பு அதிகம், விலையும் அதிகம். விலை அதிகமுள்ள இடத்துக்குச் சரக்கு போகும். இதெல்லாம் உண்மை.

நான் மறுப்பது அடுத்த படியை: திருட்டு எல்லையில்தான் நடக்கிறது, திருடன் அந்தப் பக்கத்துக்காரன் என்கிற முடிவை. அந்த முடிவால் இந்த வியாபாரத்தில் உண்மையாகவே கைநனைக்கிறவர்களுக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்பு கொஞ்சநஞ்சமில்லை.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் மேடையில் யாரும் அதைச் சொல்வதில்லை. குஜராத் அரசு தன் மாநிலத்து மணல் எல்லையைத் தாண்டக் கூடாது என்று விதி போட்டது. உச்ச நீதிமன்றம் 2019-இல் அந்த விதி செல்லாது என்று தள்ளிவிட்டது. 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டம் மாநிலங்களுக்குக் கொடுத்திருப்பது சட்டவிரோதமாகத் தோண்டுவதை, கொண்டுபோவதை, பதுக்குவதைத் தடுக்கும் அதிகாரம். முறைப்படி எடுத்த பொருளை இந்த ஊரில்தான் விற்க வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரம் அதில் இல்லை. அரசியலமைப்பின் 301-ஆவது பிரிவு நாடு முழுக்க வணிகம் தடையில்லாமல் நடக்கலாம் என்கிறது. ஆக, 'கேரளாவுக்குத் தடை' என்ற கோரிக்கையை நாளைக் காலையே அரசு ஏற்று உத்தரவு போட்டாலும், அதை எதிர்த்து வழக்குப் போடுகிற குவாரி முதலாளியின் வக்கீலுக்குப் பெரிய வேலை இருக்காது. கோரிக்கை வைக்கிற தலைவர்களில் சட்டம் படித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தெரியாது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பாவூர்சத்திரம் சந்தையிலிருந்தும் சுரண்டையிலிருந்தும் காய்கறி ஏற்றிய வண்டிகள் இதே சாலையில்தான் கேரளத்து ஆரியங்காவைத் தாண்டுகின்றன. அதை ஒருவரும் கடத்தல் என்பதில்லை. ஒருநாள் வண்டி போகாவிட்டால் விவசாயி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவான். 'கத்தரிக்காய் மறுபடி காய்க்கும், மலை முளைக்காது' என்று பதில் வரும். சரியான பதில்தான். ஆனால் அந்தப் பதில் மலையை உடைப்பதற்கு எதிரானது. உடைத்த கல் எந்தத் திசையில் போகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கொல்லத்துக்குப் போனாலும் கோவில்பட்டிக்குப் போனாலும் பள்ளத்தின் ஆழம் ஒன்றுதான். இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்: 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டைப் பகுதியே திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. இன்று நாம் காவல் நிற்கச் சொல்லும் புளியறை அன்றைக்கு எல்லைக்கு அந்தப் பக்கம். மாநிலக் கோடு இடம் மாறியது, மலை மாறவில்லை.

அப்படியானால் திருட்டு எங்கே? பள்ளத்தில். அதற்கடுத்து, காகிதத்தில்.

ஒரு குவாரிக்கு அனுமதி கொடுக்கும்போது சர்வே எண், பரப்பு, எவ்வளவு ஆழம், எத்தனை ஆண்டில் எத்தனை கன மீட்டர் என்று எல்லாம் எழுதித்தான் கொடுக்கிறார்கள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், படிப்படியாக வெட்டி இறங்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை உண்டு. எடுக்கிற கல்லுக்குக் கட்டணம் கட்டினால் அந்த அளவுக்கு நடைச்சீட்டு. வண்டி எண், பொருள், அளவு, தேதி, புறப்பட்ட நேரம், போய்ச்சேரும் இடம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இப்போது இணையத்திலேயே சீட்டு வருகிறது. காகிதத்தில் பார்த்தால் ஒரு கூடை ஜல்லிகூடத் தப்பிக்க முடியாது.

தப்பிப்பது இப்படி. ஒரு சீட்டுக்கு ஒரு நடை என்பது விதி. நேரம் எழுதாத சீட்டு, அல்லது தாராளமாக நேரம் கொடுத்த சீட்டு, அன்றைக்கு மூன்று நடை ஓடும். சீட்டில் இருக்கிற எடை ஒன்று, டிப்பரில் இருக்கிற எடை இன்னொன்று. பக்கத்து ஊருக்கு என்று எழுதிய சீட்டு மாநிலம் தாண்டும். அனுமதித்த ஆழத்துக்குக் கீழே தோண்டிய கல்லுக்குச் சீட்டே கிடைக்காது. அதனால் அது அனுமதியுள்ள கல்லின் சீட்டில் ஏறிக்கொள்ளும். கவனியுங்கள்: இதில் எதற்கும் மலையாளி தேவையில்லை. குவாரிக்காரர், சீட்டுக் கொடுக்கும் அலுவலகம், எடைமேடை, வழியில் கைநீட்டுகிற ஆட்கள், பள்ளத்தை அளக்க வராத அதிகாரி. எல்லாரும் நம்மவர்கள், நல்ல தமிழ் பேசுகிறவர்கள். வண்டி புளியறையை அடையும்போது திருட்டு முடிந்து பல மணி நேரம் ஆகியிருக்கும்.

பக்கத்து மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 2022 மே 14 இரவு நெல்லை மாவட்டம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் பள்ளத்துக்குள் சிக்கினார்கள். இரவில் அந்த ஆழத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்து நாட்கணக்கில் போராடியது. நான்கு பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் மாவட்டத்துக் குவாரிகளை அளக்க அதிகாரிகளுக்கு நேரம் கிடைத்தது. அளந்த 54 குவாரிகளில் 53-இல் விதிமீறல் என்று தெரிந்ததாகவும், சார் ஆட்சியர் விதித்த 262 கோடி ரூபாய் அபராதம் மேல்முறையீட்டில் 13.8 கோடியாகச் சுருங்கிவிட்டதாகவும் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் 2023-இல் குற்றம் சாட்டியது. 53 குவாரி! ஒன்று மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்கத் தோன்றுகிறது. 262 எப்படி 13.8 ஆயிற்று என்ற கேள்விக்கு ஒரு மறியலாவது நடந்ததா? எந்தச் சாலையில் நடத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை போலும். அந்த அபராதம் எந்தச் சோதனைச்சாவடியிலும் கரையவில்லை. கோப்பில் கரைந்தது.

கேரளத்தைக் குற்றம் சொல்லவே முடியாத இடங்களிலும் இதே கதைதான். காவிரி, பாலாற்று மணலை எடுத்துக்கொள்வோம். 2003 முதல் தமிழ்நாட்டில் ஆற்றுமணல் அரசின் கையில். தனியாரிடம் இருந்தால் கொள்ளை போகும் என்று அரசே எடுத்துக்கொண்டது. 2023-இல் அமலாக்கத்துறை ஒப்பந்ததாரர்களைச் சோதனையிட்டது. கான்பூர் ஐ.ஐ.டி.யை வைத்து மணல் அள்ளிய இடங்களை அளந்தது. அது சொன்ன கணக்கு: எடுக்க அனுமதி 4.05 லட்சம் யூனிட், எடுத்தது 27.70 லட்சம் யூனிட். அரசு கணக்கில் வந்த வருவாய் 36.45 கோடி ரூபாய்; அள்ளியதன் மதிப்பு 4,730 கோடி. ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்குச் சம்மன் போனது, அவர்கள் நேரில் போக வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஒப்பந்ததாரர்கள் மீதான அமலாக்கத்துறை நடவடிக்கைகளை ரத்து செய்தது. மணல் அள்ளுவது பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் பட்டியல் குற்றமில்லை, ஆகவே அத்துறைக்கு இதில் வேலையில்லை என்பது காரணம். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆற்றில் விழுந்த பள்ளத்தை அந்தத் தீர்ப்பு நிரப்பவில்லை. அந்த மணல் எந்த மாநில எல்லையையும் தேடிப்போகத் தேவை இருக்கவில்லை. பெரும்பகுதி நம் அடுக்குமாடிகளிலும் மேம்பாலங்களிலும் பூச்சாக ஒட்டியிருக்கிறது. மதுரை மேலூரில் முறைகேடாக வெட்டிய கிரானைட்டும் புளியறை வழியாகப் போகவில்லை; கப்பல் ஏறியது.

எல்லைக் கோஷத்தின் பெரிய கெடுதல் இதுதான்: உள்ளூரில் விற்கிற கல் முழுவதையும் அது நல்ல கல்லாக்கிவிடுகிறது. மேற்கே போனால் கடத்தல், கிழக்கே போனால் வளர்ச்சி. நெல்லை–தென்காசி நான்குவழிச் சாலைக்குக் கொட்டிய ஜல்லியும் சரளும் எந்தப் பள்ளத்திலிருந்து, எந்தச் சீட்டில் வந்தன என்று எத்தனை பேர் கேட்டோம்? சாலை எப்போது முடியும் என்றுதான் கேட்டோம். குற்றாலத்தில் அருவிச் சாலையோரம் ஆண்டுதோறும் முளைக்கும் விடுதிகளின் அடித்தளத்தில் கிடப்பதும் இதே மலைதான். அதில் பல அறைகள் சீசனுக்கு வரும் மலையாளக் குடும்பங்களை நம்பிக் கட்டியவை என்பது வேறு விஷயம். மலை ஓடையையே வளைத்துச் சொந்தமாக அருவி செய்து காட்டிய சொகுசு விடுதிகள் மீது 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நடவடிக்கை எடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஓடையைத் திருப்புவதற்கும் சுவர் எழுப்ப வேண்டும். அந்தச் சுவருக்கும் யாரோ ஒருவர் பில் இல்லாமல் லோடு இறக்கியிருப்பார்.

பில் இல்லாத லோடு. இலஞ்சியிலோ மேலகரத்திலோ வீடு கட்டுகிற யாருக்கும் இந்தப் பேச்சு புதிதில்லை.

"அண்ணாச்சி, எம்-சாண்ட் ரெண்டு லோடு வேணும்."

"பில்லோட வேணுமா, பில் இல்லாமயா?"

"என்ன வித்தியாசம்?"

"பில்லோடன்னா கூடும். பேங்க் லோனுக்குக் காட்டணும்னா சொல்லுங்க, ஒரு லோடுக்கு மட்டும் போட்டுத் தாரேன்."

கடைசி வரியில்தான் மொத்தப் பொருளாதாரமும் இருக்கிறது. வாங்குகிறவர் ஆசிரியராக இருப்பார், வங்கி ஊழியராக இருப்பார், போன வாரம் புளியறை மறியலில் கோஷம் போட்டவராகவும் இருப்பார். பில் இல்லாத லோடுதான் நடைச்சீட்டு இல்லாத கல் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. மிச்சப்பட்ட பணத்தில் போர்டிகோவுக்கு ஒரு அலங்காரத் தூண் வைத்துக்கொள்வார்.

அந்த மிச்சமும் பொய். வந்த லோடில் ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு எம்-சாண்ட் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு நன்றாகக் குலுக்கி இரண்டு மூன்று மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மணல் படியும். மேலே சாம்பல் நிறத்தில் ஒரு வழவழப்பான படலம் உட்காரும். அதுதான் கிரஷர் தூசு. 75 மைக்ரானுக்குக் கீழான பொடி, உடைத்துச் செய்த மணலில் எடைக்கணக்கில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம் 383. பாட்டிலில் தெரிவது எடைக்கணக்கு ஆகாது. ஆனால் படலம் விரற்கடைக் கணக்கில் ஏறினால் லோடைத் திருப்பி அனுப்ப அதுவே போதும். முறையாகச் செய்யும் ஆலையில் கல்லைக் கனசதுர வடிவில் உடைக்கத் தனி இயந்திரம் இருக்கும், கழுவித் தூசை நீக்குவார்கள். பொதுப்பணித்துறை சோதித்துச் சான்று கொடுத்த ஆலைகளின் பட்டியலும் இருக்கிறது. பட்டியலில் இல்லாத ஆலையில் ஜல்லி உடைத்து மிஞ்சிய தூசையே 'சாண்ட்' என்று ஏற்றிவிடுகிறார்கள். தூசு தண்ணீரைக் குடிக்கும். கொத்தனார் கலவையில் தண்ணீரைக் கூட்டுவார். காங்கிரீட்டின் பலம் குறையும். பூச்சு மயிரிழை மயிரிழையாக வெடித்தால் பழி கொத்தனார் தலையில்.

கொத்தனாரைத் திட்டுவது இன்னொரு பொழுதுபோக்கு. சிமென்ட் மூட்டையை ஒளித்தான், கம்பியை வெட்டி விற்றான் என்பார்கள். அவர் வாங்குகிற கமிஷனையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் கம்பிக் கடையில் என்ன நடக்கிறது என்று பார்க்கிறவர்கள் குறைவு. 12 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு 10.66 கிலோ இருக்க வேண்டும். 5 விழுக்காடு கூடக்குறையத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. 'பீஸ் ரேட்' என்று எண்ணிக்கையில் விற்கும்போது அந்த 5 எப்போதும் குறையும் பக்கமே சாய்கிறது, சில நேரம் 5-இல் நிற்பதும் இல்லை. நூறு கம்பி வாங்குகிறவர் ஐந்து கம்பியின் எடையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். கொத்தனார் ஒளித்த ஒரு மூட்டைக்குத் தெருவே கூடுகிறது, இதற்கு ஒருவரும் கூடுவதில்லை.

சிமென்ட் சங்கதி இன்னும் பெரிது. 2012 ஜூனில் இந்தியப் போட்டி ஆணையம் பதினொரு சிமென்ட் நிறுவனங்களுக்கு மொத்தம் 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உற்பத்தியைக் கட்டுப்படுத்தி, பேசிவைத்து விலையை ஏற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. மேல்முறையீட்டில் திரும்பி வந்து, 2016-இல் ஆணையம் மறுபடியும் விசாரித்து மறுபடியும் அபராதம் போட்டது. 2018-இல் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்து உச்ச நீதிமன்றம் போயின. 2012 பட்டியலில் தாழையூத்தில் 1949-இல் ஆலை தொடங்கிய இந்தியா சிமென்ட்ஸும், ராஜபாளையத்தில் பிறந்த மெட்ராஸ் சிமென்ட்ஸும் இருந்தன. ஒன்று தென்காசிக்குக் கிழக்கே, ஒன்று வடக்கே, இரண்டும் பேருந்தில் சில மணி நேரத் தொலைவு. வீடு கட்டிய ஒவ்வொருவரின் சட்டைப்பையையும் தொட்ட விவகாரம் இது. எங்கள் ஊரில் இதற்கு ஒரு துண்டறிக்கைகூட அச்சாகி நான் பார்த்ததில்லை. எல்லை தாண்டாத குற்றத்துக்கு எங்களிடம் கோஷம் கிடையாது.

அரசு வேலைக்கு வருவோம். மதிப்பீடு போடும்போது கல்லுக்கு 'லீடு' என்று ஒரு கணக்கு உண்டு, குவாரியிலிருந்து வேலை நடக்கும் இடம் எத்தனை கிலோமீட்டர் என்று. பக்கத்தில் குவாரி இருக்க, தூரத்துக் குவாரியைக் காட்டி லீடு எழுதினால் ஒவ்வொரு லோடிலும் ஓடாத கிலோமீட்டருக்குப் பணம். நடைச்சீட்டைக் காட்ட முடியாத ஒப்பந்ததாரரிடம் பில்லில் கனிமக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு கணக்கை நேர்செய்வதும் நடக்கிறது. திருட்டுக் கல்லுக்கு அரசே ரசீது போட்ட மாதிரிதான் அது. சாதாரணக் கல்லுக்கு அரசு வாங்கும் கனிமக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? 2025 ஏப்ரலில் குவாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, அரசு இறங்கிவந்த பிறகு, டன்னுக்கு 33 ரூபாய். ஒரு டீக்கும் இரண்டு வடைக்கும் ஆகிற காசு. அதே வேலைநிறுத்தத்தை ஒட்டி ஜல்லியும் எம்-சாண்டும் யூனிட்டுக்கு 1,000 ரூபாய் ஏறின. வீடு கட்டுகிறவன் புலம்பினான். அரசு பேசிக் குறைத்ததாக அறிவித்தது. மலைக்கு வைத்த விலையும் சந்தையில் விற்கிற விலையும் இப்படி மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும்வரை, இடையில் கைநீட்ட ஆள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

அப்புறம் எம்-புக். தளத்தில் எத்தனை அங்குலம் காங்கிரீட் போட்டார்கள் என்பதற்கு அந்த அளவுப் புத்தகத்தில் எழுதியதுதான் சாட்சி. தளம் பூசி மூடிய பிறகு யார் தோண்டிப் பார்ப்பது? 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் மக்கள் விரலால் சுரண்டியபோதே சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. அதைக் காட்டிய படங்கள் பரவிய பின்புதான் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுக்கு வந்தது, பூச்சு தரமில்லை என்றது. குடிசையிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த ஏழைகள் விரலால் எம்-புக்கைத் தணிக்கை செய்தார்கள். அதற்கு ஏழு ஆண்டு முன்பு, 2014 ஜூன் 28, மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்ததில் 61 பேர் இறந்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கூலிகள் பலர் அதில் இருந்தார்கள். அவர்கள்மீது விழுந்தது தமிழ்நாட்டு அரசு அலுவலகம் அனுமதித்த கட்டடம்.

இனி எதிர்வாதம். கேரளத்தில் இவ்வளவு விலை கொடுக்க ஆள் இருப்பதால்தானே இங்கே அளவுக்கு மேல் தோண்டுகிறார்கள், அந்தச் சந்தையை அடைத்தால் தோண்டுவது குறையாதா? ஓரளவு குறையும், கொஞ்ச காலத்துக்கு. பிறகு அதே கல் மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ போகும், அல்லது எல்லையில் மாமூல் இரட்டிப்பாகும். தடை எத்தனை கடுமையோ, அத்தனை லாபம் சாவடியில் நிற்கிறவனுக்கு. பள்ளத்தை அளந்து, அனுமதித்த கன மீட்டர் முடிந்ததும் மூடினால், மிச்சக் கல் எந்தத் திசையிலும் போக முடியாது. அளப்பது பெரிய வித்தையில்லை. காவிரியில் கான்பூர்க்காரர்கள் செய்ததை இங்கே யாரும் செய்யலாம். அளக்கவே வேண்டாம் என்றாலும் வழி உண்டு: கிரஷரின் மின் கட்டணத்தைப் பாருங்கள், குவாரி வாங்கிய வெடிமருந்தைப் பாருங்கள், கட்டிய கனிமக் கட்டணத்தோடு பொருத்துங்கள். மூன்றும் ஒரே ஊரைப் பற்றிப் பேசுகின்றனவா என்று தெரிந்துவிடும். மூன்று கணக்கும் மூன்று அரசு அலுவலகங்களில் இப்போதே இருக்கின்றன.

எல்லையில் கோபப்படவே கூடாது என்கிறேனா? 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாளில் அள்ளிக்கொண்டு போகச் சொன்னது, கேரள அரசு லாரி அனுப்பி அள்ளியது. அந்தக் கோபம் நியாயம், பலனும் கிடைத்தது. அதிலும் ஒரு விவரம் இருக்கிறது. போலீஸ் பிடித்தவர்களில் சுத்தமல்லிக்காரர்கள் இருந்தார்கள். கழிவு தானாக வந்து விழாது. இடம் காட்ட இங்கே ஒருவர் வேண்டும். கல் போவதற்கும் கழிவு வருவதற்கும் தரகர் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்.

மலையை உண்மையாகக் காக்கும் உத்தரவு ஒன்று நம் அரசிடமே இருந்தது. 2021 நவம்பரில், காப்புக்காடுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று விதி வந்தது. மலையடிவாரத்தில் காட்டை ஒட்டிய ஊர்களுக்கு இதைவிடப் பெரிய காவல் வேறில்லை. 2022 டிசம்பரில் அதைத் திருத்தினார்கள்: சரணாலயம், தேசியப் பூங்கா மாதிரியான இடங்களுக்கு மட்டும் ஒரு கிலோமீட்டர், மற்றக் காப்புக்காடுகளுக்கு அந்தக் காவல் போயிற்று. திருவனந்தபுரத்தில் யாரும் இதைத் திருத்தவில்லை. சென்னைக் கோட்டையில் திருத்தினார்கள். புளியறையில் கூடுகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அன்றைக்கு அதற்காகக் கூடியிருந்தால் அமைச்சர் ஒருவராவது விளக்கம் சொல்ல வந்திருப்பார்.

எல்லையில் ஏன் இத்தனை பேர் கூடுகிறார்கள் என்பதும் புரியாத புதிர் இல்லை. அங்கே எதிராளிக்கு முகம் இல்லை, ஓட்டும் இல்லை. குவாரி வாசலில் நின்றால் எதிரே வருகிறவர் சொந்தக்காரராக, கோயில் கொடைக்கு அதிகம் எழுதியவராக, கட்சியின் ஒன்றியச் செயலாளராக இருப்பார். கிராமசபையில் எழுந்து கேட்டால் அவர் தம்பியின் டிப்பர் ராத்திரி உங்கள் வீட்டு முன்னால் நிற்கும். மனு கொடுத்தவர்களை லாரி ஏற்றிக் கொல்கிற மாநிலம் இது, பயம் பொய்யில்லை. பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பயத்தை மறைக்க மாநில மானத்தைப் போர்த்திக்கொள்வதைத்தான் சகிக்க முடியவில்லை.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு அந்தப் பயம் குறைவு. அதனால் அடுத்த அனைத்துக் கட்சி மறியலைத் தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில், புவியியல் மற்றும் சுரங்கத்துறை உதவி இயக்குநர் அறை முன்னால் வையுங்கள். கேட்க வேண்டியது நான்கே: மாவட்டத்தில் ஒவ்வொரு குவாரிக்கும் அனுமதித்த ஆழம் எவ்வளவு, இன்றைய ஆழம் எவ்வளவு, இந்த ஆண்டு கொடுத்த நடைச்சீட்டுகளின் மொத்த எடை எவ்வளவு, அதே ஆண்டில் கிரஷர்கள் எரித்த மின்சாரம் எவ்வளவு. பதில் வரும்வரை எழுந்திருக்க வேண்டாம். மேடை போடுவதாக இருந்தால், பேச ஏறுகிறவர்களில் தன் பெயரிலோ மனைவி பெயரிலோ மச்சான் பெயரிலோ குவாரி, கிரஷர், டிப்பர் வைத்திருப்பவர்கள் யார் யார் என்று மைக்கைப் பிடிப்பதற்கு முன்னால் சொல்லிவிடட்டும்.